பிரிட்டனில் ஆய்வுப் பட்டம்: அனுமதியைத் தீர்மானிப்பது எது?

பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வுப் பட்டத்திற்குச் சேர விரும்பும் ஒருவர் முதலில் பார்ப்பது, அப்பல்கலைக்கழகம் வெளியிடும் அனுமதித் தகுதிகளின் பட்டியலைத்தான். அது பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடும். நல்ல தரத்தில் ஓர் இளநிலைப் பட்டம், பல துறைகளில் முதுநிலைப் பட்டமும், ஆங்கிலத் தேர்ச்சிக்கான சான்று, ஆய்வுத் திட்ட வரைவு, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள். இவை அனைத்தும் இருந்தும் இடம் கிடைக்காதவர்கள் பலர். இடம் கிடைத்தும் சேர முடியாமற்போவோர் அவர்களைவிடக் குறைவானவர்கள் அல்லர்.

தமிழகத்தில் முனைவர் பட்டம் என்றும் இலங்கையில் கலாநிதிப் பட்டம் என்றும் வழங்கப்படும் பி.எச்.டி. பட்டத்திற்கான அனுமதி, பிரிட்டனில் மூன்று வாசல்களைக் கடந்த பின்னரே முழுமையடைகிறது. சான்றிதழ்களை எடைபோடுவது முதல் வாசல். ஆய்வை மேற்பார்வை செய்ய ஒரு பேராசிரியரும் செலவை ஏற்க ஒரு நிதியும் கிடைப்பது இரண்டாவது. விண்ணப்பதாரர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறார், கடந்த 3 ஆண்டுகளாக எங்கே வாழ்ந்தார் என்பது மூன்றாவது. பல்கலைக்கழகங்களின் அறிவிப்புகளில் முதலாவதே முன்னால் நிற்கிறது. ஆனால் தகுதி பெற்ற விண்ணப்பதாரர்களில் யார் உள்ளே வருகிறார் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மற்ற இரண்டுமே.

பட்டங்களின் எடை

பிரிட்டனில் பொதுவாகக் கேட்கப்படும் தகுதி, சிறப்பு நிலை இளநிலைப் பட்டத்தில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. அறிவியல், பொறியியல் துறைகளில் இந்தப் பட்டத்துடனேயே நேரடியாக ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் உண்டு. மானிடவியல் கலைகள், சமூக அறிவியல் போன்றவற்றில் முதுநிலைப் பட்டமின்றி அனுமதி கிடைப்பது அரிது.

இந்தியப் பட்டங்களை இந்த அளவுகோலில் பொருத்தும்போது ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஓர் அட்டவணையை வைத்துக்கொள்கிறது. சில 60 சதவீத மதிப்பெண்ணைப் போதுமெனக் கொள்கின்றன. வேறு சில, பட்டம் வழங்கிய கல்வி நிறுவனத்தைப் பொறுத்து அதைவிட அதிகம் கேட்கின்றன. ஆகவே ஓரிடத்தில் தகுதியற்றது எனத் திருப்பி அனுப்பப்பட்ட அதே மதிப்பெண் பட்டியல் இன்னோர் இடத்தில் ஏற்கப்படுவதில் வியப்பில்லை. வெளிநாட்டுப் பட்டங்களின் நிலையை மதிப்பிட்டுக் கூறும் அமைப்பு முன்னர் நாரிக் என அறியப்பட்டது. 2021 முதல் அது இனிக் என்ற பெயரில் இயங்குகிறது. பல்கலைக்கழகங்கள் அதன் கருத்தைப் பார்க்கின்றன என்றாலும் இறுதி முடிவு அவற்றினுடையதே.

பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிப்பது குறித்து இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை இந்தியா ஏற்றுக்கொள்ள வழி செய்தது இதன் முக்கியப் பயன். மருத்துவம், பொறியியல், சட்டம் போன்ற தொழில்சார் பட்டங்கள் இதில் அடங்கவில்லை. ஒரு பட்டம் எந்த நிலையைச் சேர்ந்தது என்பதையே இந்த உடன்பாடு சொல்கிறது. அந்தப் பட்டத்தை வைத்திருப்பவரை ஆய்வு மாணவராகச் சேர்க்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகத்தையும் அது கட்டுப்படுத்தவில்லை.

தமிழகத்திலிருந்து விண்ணப்பிப்போரிடையே அதிகக் குழப்பத்தை ஏற்படுத்துவது எம்.ஃபில். பட்டம். முதுநிலைக்குப் பின் ஓராண்டு பயின்று பெறும் பட்டமாகப் பல்லாயிரம் பேர் அதைப் பெற்றிருக்கிறார்கள். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின் மூலம் அப்பட்டத்தை நிறுத்தியது. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்கள் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கவும் அதே விதிகள் வழி செய்தன. பிரிட்டனின் எம்.ஃபில். பெயரில் மட்டுமே இதனை ஒத்தது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் அது பி.எச்.டி.க்கு ஒரு படி கீழான, தனித்த ஆய்வுப் பட்டம். புதிதாகச் சேரும் ஆய்வு மாணவர்கள் முதலில் எம்.ஃபில். மாணவராகவோ தற்காலிக நிலையிலோ பதிவு செய்யப்படுகிறார்கள். 9 முதல் 18 மாதங்களுக்குள் எழுத்துப் படைப்பு ஒன்றை அளித்து, ஒரு குழுவின் கேள்விகளுக்குப் பதிலளித்த பின்னரே பி.எச்.டி. நிலைக்கு உயர்த்தப்படுகிறார்கள். எனவே இந்திய எம்.ஃபில். பட்டம் கையில் இருப்பதால் ஆய்வுக் காலத்தில் ஓராண்டு குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமில்லை. ஆனால் அதற்காக எழுதிய ஆய்வேடு, ஆய்வுப் பயிற்சி பெற்றவர் என்பதற்குச் சான்றாகும். அதை விண்ணப்பத்தில் விரிவாகச் சொல்லாமல் பட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவது பலரும் செய்யும் பிழை.

இலங்கையிலிருந்து வருவோருக்குச் சிக்கல் வேறு வகையானது. அங்கு மூன்றாண்டுப் பொதுப் பட்டமும் நான்காண்டுச் சிறப்புப் பட்டமும் உள்ளன. சிறப்புப் பட்டத்தில் மேற்பிரிவுத் தேர்ச்சி பெற்றவர் பிரிட்டனின் தகுதியோடு எளிதாக ஒப்பிடப்படுகிறார். பொதுப் பட்டம் பெற்றவரிடம் பெரும்பாலும் முதலில் முதுநிலைப் பட்டமொன்றை முடிக்குமாறு கூறப்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கலைப் பாடங்களைத் தமிழ்மொழி மூலம் பயின்றவர்களுக்கு ஆங்கிலத் தேர்வும் கட்டாயமாகிறது.

அந்தத் தேர்வுகளில் பரவலாக அறியப்பட்டது ஐ.இ.எல்.டி.எஸ். ஆய்வுப் பட்டங்களுக்கு 6.5 முதல் 7.5 வரை கேட்கப்படுகிறது. எழுத்துப் பகுதிக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச அளவும் இருக்கும். முடிவுகள் 2 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். ஆங்கிலத் தேர்ச்சியை நிரூபிக்கத் தேவையில்லை எனக் குடிவரவு விதிகள் விலக்களிக்கும் நாடுகளின் பட்டியலில் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்றவை உள்ளன. இந்தியா, இலங்கை, மலேசியா ஆகியவை இல்லை. முதலாம் வகுப்பு முதல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கும் சிங்கப்பூரும் இல்லை. ஆங்கிலவழிப் பட்டம் பெற்றவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தாமாகவே விலக்களிப்பதுண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஓர் ஆசிரியரைத் தேடி

இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் மாணவரைத் தேர்ந்தெடுப்பது அனுமதிப் பிரிவு. ஆய்வுப் பட்டத்தில் அந்த அதிகாரம் நடைமுறையில் மேற்பார்வையாளரிடமே இருக்கிறது. விண்ணப்பதாரரின் ஆய்வுப் பொருளில் ஆர்வமும் நேரமும் உள்ள ஓர் ஆசிரியர் அந்தத் துறையில் இல்லையென்றால், எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் இருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த நிராகரிப்புக் கடிதம் பெரும்பாலும் காரணத்தை விளக்குவதில்லை.

இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன், கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் எஃப்.ஏ. தேர்வைக்கூடத் தாண்டாதவர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய அவர் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவருடைய விண்ணப்பமாக அமைந்தது. ஹார்டி அவரை வரவழைக்க முனைந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. 1914 ஏப்ரலில் லண்டன் வந்து சேர்ந்த ராமானுஜனிடம் இருக்க வேண்டிய கல்விச் சான்றிதழ் இல்லாதிருந்தும் கேம்பிரிட்ஜ் அந்த விதியைத் தளர்த்தி ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. 1916 இல் அவர் ஆய்வின் மூலம் இளநிலைப் பட்டம் பெற்றார். பி.எச்.டி. என்ற பட்டம் அப்போது கேம்பிரிட்ஜில் இருக்கவில்லை. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமே 1917 இல் அதனை முதலில் ஏற்படுத்தியது. மேற்பார்வையாளரும் பணமும் அமைந்தபோது தகுதி விதி வழிவிட்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. இன்றைய விசா விதிகளின் கீழ் அவ்வளவு நெகிழ்ச்சிக்கு இடமில்லை.

மேற்பார்வையாளர் அதே பாடத்தில் வல்லுநராக இருக்க வேண்டும் என்பதும் எப்போதும் பொருந்தாது. இலங்கைப் பேராசிரியர்களான க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் பண்டைத் தமிழ் இலக்கியம் குறித்த தங்கள் கலாநிதிப் பட்ட ஆய்வுகளைச் செய்தது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். அவர்களை மேற்பார்வை செய்த ஜார்ஜ் தாம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர். கிரேக்க வீரயுகப் பாடல்களையும் நாடகத்தையும் சமூக வரலாற்றோடு இணைத்துப் பார்த்த அவருடைய முறை, சங்கப் பாடல்களையும் பண்டைத் தமிழ் நாடகத்தையும் அவ்வாறே பார்க்க விரும்பிய இருவருக்கும் பொருந்தியது. தமிழியலில் மேற்பார்வையாளர்கள் மிகக் குறைவாகவே உள்ள இக்காலத்தில், வரலாறு, மானிடவியல், ஒப்பிலக்கியம், மொழியியல் ஆகிய துறைகளில் முறையியல் ஒத்துவரும் ஒருவரைத் தேடுவது பயனளிக்கக்கூடும்.

தேடும் முறையும் துறைக்குத் துறை வேறுபடுகிறது. ஆய்வுக்கூட அறிவியலில் பேராசிரியர் ஏற்கனவே நிதி பெற்ற ஓர் ஆய்வுத் திட்டத்தை விளம்பரப்படுத்துகிறார். வேலைக்கு விண்ணப்பிப்பது போலவே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கலைத் துறைகளில் விண்ணப்பதாரர் தாமே 1,000 முதல் 2,000 சொற்களில் ஆய்வுத் திட்டத்தை எழுதி, விண்ணப்பிக்கும் முன்னரே ஆசிரியருடன் தொடர்பு கொள்வது வழக்கம். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு அனுப்புவோருக்குப் பதில் வருவதில்லை. அந்த ஆசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்து, தமது கேள்வி அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று நான்கு வரிகளில் எழுதுபவரின் கடிதமே வாசிக்கப்படுகிறது.

பணம் யார் தருவது?

வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் என்ற முறை பிரிட்டனில் 1967 இல் தொடங்கியது. மார்கரெட் தாட்சரின் அரசு 1980 முதல் அவர்களிடம் முழுச் செலவையும் அறவிடச் செய்தது. அன்று ஏற்பட்ட இடைவெளி இன்று மிகப் பெரிதாகிவிட்டது. 2025-26 கல்வியாண்டில் உள்நாட்டு ஆய்வு மாணவருக்கு ஆராய்ச்சி மன்றங்கள் செலுத்தும் கட்டணம் 5,006 பவுண்டு. வெளிநாட்டவருக்கான கட்டணம் பாடத்தையும் நிறுவனத்தையும் பொறுத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 பவுண்டில் தொடங்கி, ஆய்வுக்கூடப் பாடங்களில் 30,000 பவுண்டையும் தாண்டுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு இதனைச் சொந்தப் பணத்தில் கட்டக்கூடிய குடும்பங்கள் சிலவே.

பிரிட்டனின் அரசு நிதியில் இயங்கும் ஆராய்ச்சி மன்றங்களின் உதவித்தொகை நீண்ட காலமாக வெளிநாட்டவருக்கு முழுமையாகக் கிடைக்காமலே இருந்தது. 2021-22 கல்வியாண்டு முதல் அது எல்லா நாட்டினருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் ஒரு பயிற்சி நிதியின் கீழ் சேர்க்கப்படுவோரில் 30 சதவீதத்திற்கு மேல் வெளிநாட்டவராக இருக்கலாகாது என்ற வரம்பும் வந்தது. இந்த உதவித்தொகையில் ஊதியம்போல் வழங்கப்படும் வாழ்க்கைச் செலவுத் தொகை 2025-26 இல் குறைந்தபட்சம் 20,780 பவுண்டு. மன்றம் செலுத்துவது உள்நாட்டுக் கட்டணத்தை மட்டுமே. எஞ்சிய வேறுபாட்டை மாணவரிடம் கேட்க முடியாது, பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும். இதனால் வெளிநாட்டவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் துறைக்கு அது கூடுதல் செலவாகிறது. ஒரே தரத்தில் இருவர் நிற்கும்போது இந்தக் கணக்கும் உள்ளே வருகிறது.

சொந்த நாட்டிலிருந்து நிதி பெறும் வழிகளிலும் கட்டுப்பாடுகள் உள்ளன. பட்டியல் சாதியினர் உள்ளிட்ட பிரிவினர் வெளிநாட்டில் முதுநிலை, முனைவர் பட்டங்களைப் பெற இந்திய அரசு வழங்கும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்கானது. தமிழகத்தின் கிராமப்புறத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் 2022-23 ஆம் ஆண்டுக்கான விதிகளில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வுகள் ஆகிய தலைப்புகளுக்கு இந்த நிதி வழங்கப்படமாட்டாது என்று சேர்க்கப்பட்டது. சாதி குறித்து வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்பும் தலித் மாணவர்களை இது நேரடியாகப் பாதிப்பதாகக் கல்வியாளர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

நிதி வேண்டுவோருக்குக் காலக்கெடு முன்கூட்டியே வந்துவிடுகிறது. அக்டோபரில் தொடங்கும் ஆய்வுக்கு முந்தைய டிசம்பர் அல்லது ஜனவரியிலேயே பெரும்பாலான உதவித்தொகை விண்ணப்பங்கள் முடிவடைகின்றன. அனுமதிக்கான கடைசித் தேதி கோடை வரை இருக்கக்கூடும். அதை மட்டும் பார்த்துக் காத்திருப்பவர், இடம் மட்டும் இருந்து பணம் இல்லாத நிலைக்கு வந்து சேர்கிறார்.

எங்கே வாழ்ந்தவர்?

உள்நாட்டு மாணவர், வெளிநாட்டு மாணவர் என்ற பிரிவு குடியுரிமையை மட்டும் வைத்துச் செய்யப்படுவதில்லை. இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணத்திற்குத் தகுதி பெற, பொதுவாகப் படிப்புத் தொடங்கும் நாளில் பிரிட்டிஷ் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட உரிமை இருக்க வேண்டும். அதற்கு முந்தைய 3 ஆண்டுகள் பிரிட்டனில் வழக்கமாக வாழ்ந்திருக்கவும் வேண்டும். அந்த வாழ்வு முதன்மையாகக் கல்விக்கானதாக இருந்திருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் விதிகள் இதிலிருந்து சற்று வேறுபடும்.

இந்த விதி தமிழ்க் குடும்பங்களைப் பல வகையில் பிரிக்கிறது. லண்டனில் பிறந்து பிரிட்டிஷ் கடவுச்சீட்டுடன் சென்னையில் வளர்ந்த ஒருவர் வெளிநாட்டு மாணவராகக் கருதப்படலாம். இலங்கையிலிருந்து வந்து அகதி அந்தஸ்து பெற்ற ஒருவர் உள்நாட்டுக் கட்டணத்திற்கு உரியவர். அதே ஊரிலிருந்து அதே ஆண்டில் வந்து, புகலிடக் கோரிக்கைக்கு இன்னும் முடிவு கிடைக்காதவர் வெளிநாட்டுக் கட்டணம் செலுத்த வேண்டியவராகிறார். இத்தகையோருக்கெனச் சில பல்கலைக்கழகங்கள் தனி உதவித்தொகைகளை ஏற்படுத்தியுள்ளன என்றாலும் அவை மிகச் சிலவே.

ஐரோப்பாவில் குடியேறிய தமிழர்களுக்கு 2021 பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் ஆகிய நாடுகளின் குடியுரிமை பெற்ற இலங்கைத் தமிழரின் பிள்ளைகள் பிரிட்டனில் உள்நாட்டுக் கட்டணத்திலேயே பயில முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறியதை அடுத்து, 2021-22 கல்வியாண்டு முதல் புதிதாகச் சேருவோர் வெளிநாட்டவராயினர். 2020 இறுதிக்குள் பிரிட்டனில் வாழத் தொடங்கி, அதற்கான வதிவிட அந்தஸ்தைப் பெற்றவர்கள் இதற்கு விலக்கு. பாரிஸிலிருந்து 2019 இல் லண்டன் வந்து குடியேறிய அண்ணனும் 2022 இல் வந்த தம்பியும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஐந்து மடங்கு வேறுபடும் கட்டணத்தைச் செலுத்தக்கூடும்.

விசாவுக்கு முந்தைய சான்று

இயற்பியல், வேதியியல், பொருளறிவியல், கணினி அறிவியல், பொறியியல் போன்ற பாடங்களில் ஆய்வு செய்யவிருப்போருக்கு இன்னொரு தடை உள்ளது. பேரழிவு ஆயுதங்களுக்குப் பயன்படக்கூடிய அறிவு பரவுவதைத் தடுக்கும் நோக்குடன், 2007 நவம்பரில் பிரிட்டனின் வெளியுறவுத் துறை ஏடாஸ் என்ற ஒப்புதல் சான்றிதழை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, சிங்கப்பூர், ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களுக்கு இது தேவையில்லை. இந்தியர், இலங்கையர், மலேசியர் ஆகியோருக்குத் தேவை. ஒரே பட்டத்தைப் பெற்று ஒரே ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்ற இரு தமிழர்களில், டொரோண்டோவிலிருந்து வருபவர் நேராக விசாவுக்கு விண்ணப்பிக்கிறார். பேராதனையிலிருந்து வருபவர் தமது ஆய்வின் சுருக்கத்தையும் முந்தைய கல்வி, பணி விவரங்களையும் அளித்துப் பல வாரங்கள் காத்திருக்கிறார். இந்தச் சான்றுக்குக் கட்டணம் இல்லை. தாமதத்தால் தொடக்க நாள் தவறினால் இழப்பு மாணவருடையது. ஆய்வுத் தலைப்பு கணிசமாக மாறினால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும்.

அதன் பின்னரே விசா. பல்கலைக்கழகம் வழங்கும் சேர்க்கை உறுதி எண்ணுடன், முதலாண்டுக் கட்டணத்தையும் 9 மாத வாழ்க்கைச் செலவையும் தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் வைத்திருந்ததைக் காட்ட வேண்டும். இந்த வாழ்க்கைச் செலவு 2025 நவம்பரில் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டாகவும் பிற இடங்களுக்கு 1,171 பவுண்டாகவும் உயர்த்தப்பட்டது. முழு உதவித்தொகை பெற்றவர்கள் அதற்கான கடிதத்தைக் காட்டினால் போதும். இதைத் தவிர, மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு என 2024 பிப்ரவரியில் நிர்ணயிக்கப்பட்ட சுகாதாரக் கட்டணத்தை விசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நான்காண்டு ஆய்வு என்றால் ஒருவருக்கே 3,000 பவுண்டுக்கு மேல் ஆகும். பல உதவித்தொகைகள் இதனை ஈடு செய்வதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் ஆய்வு மாணவர்களின் நிலை மற்றவர்களைவிட மேலானது. 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளில், ஆய்வுப் பட்ட மாணவர்களும் அரசு உதவித்தொகை பெறும் சிலரும் தவிர, ஏனையோர் துணைவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துவர முடியாது. பி.எச்.டி. முடித்தவர்கள் வேலைதேடித் தங்குவதற்கு 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விசாவிலும் அவர்களுக்கு 3 ஆண்டுகள் கிடைக்கின்றன. ஆனால் குடும்பத்துடன் வருவதானால் துணைவருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே விசாக் கட்டணம், சுகாதாரக் கட்டணம், வாழ்க்கைச் செலவுக்கான வங்கி இருப்பு ஆகியவை தேவை. துணைவருக்கான சுகாதாரக் கட்டணமும் மாணவருடையதற்குச் சமம். 2024 இல் நிர்ணயிக்கப்பட்டபடி அது ஆண்டுக்கு 776 பவுண்டு.